முட்டமா, மாத்தூரா? பங்குனியில் சொந்தபந்தம் கூட ஏற்ற இடம்

பங்குனி, சித்திரையில் நாற்பது பேர் வெளியே கூடி உண்ண நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலும் உண்டு, மலையடிவாரமும் உண்டு. குழந்தைகள் அதிகம் என்றால் நான் மாத்தூர்தான் சொல்வேன்.

1966-இல் கட்டிய, கால்வாய் நீரைச் சுமக்கும் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடக்கிறது. கீழே தூண்களின் நிழலும் மரநிழலும் சேர்ந்து முற்பகலைத் தாங்கும். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். பிற்பகலில் மலைப்பக்கம் இடி இடித்தால் கோடை மழை கொட்டிவிடும். ஆற்றுக்கு இறங்கும் படிகள்தான் சிரமம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் திணறுவார்கள்.

முட்டம் மாலைக்கு உரியது. செம்பாறை, கலங்கரை விளக்கம், கடலில் இறங்கும் சூரியன் என நண்பர்கள் பேசிக்கொண்டிருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நான்கு மணிக்கு முன் வெயில் வறுக்கும். கள்ளக்கடல் வேறு. காற்றே இல்லாத நாளில்கூட எங்கோ தெற்கே கிளம்பிய அலை திடீரென ஏறிவரும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை வந்தால் பாறைப்பக்கமே போகாதீர்கள்.

சாப்பாடு இரண்டுக்கும் ஒன்றுதான்: தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு மசித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), முந்தின நாளே மண்சட்டியில் வைத்த சாளைக் குழம்பு. ஒரு நாள் கழிந்தால்தான் மீனில் புளி பிடிக்கும். பழுத்த சக்கையை (பலாப்பழத்தை) வீட்டிலேயே சுளை எடுத்துக் கொண்டுபோங்கள். பிசினை வெளியில் கழுவ முடியாது. வாழையிலையைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு வர ஒரு சாக்கும் வேண்டும்.