நாசா வேர்ல்ட்வியூ: டோங்கா கடலடி எரிமலைகளுக்கு மேல் நுண்பாசி பெருகுவதைப் பார்க்க எவ்வளவு உதவும்?

வேர்ல்ட்வியூ, செயற்கைக்கோள் படங்களை நாள்வாரியாகக் காட்டும் நாசாவின் இணையதளம். இலவசம், கணக்குத் தொடங்க வேண்டாம், பிரவுசரில் திறந்தால் போதும். ஆனால் கடலடி எரிமலைக்கும் மிதவை உயிரிகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடி வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது: பாசி எங்கே, எப்போது பெருகியது என்று இந்தத் தளம் காட்டும், ஏன் என்று சொல்லாது.

பார்க்கத் தோதான இடம் தென்பசிபிக்கின் டோங்கா எரிமலை வரிசை. 20 பாகை தெற்கு, 175 பாகை மேற்கை ஒட்டித் தேடுங்கள். நடுக்கடல் முகடுகளில் 2000 மீட்டருக்குக் கீழே கக்கப்படும் இரும்பு பெரும்பாலும் ஆழ்கடலிலேயே பரவிப்போகும். டோங்காவிலோ 500 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு; அந்த இரும்பு வெயில் படும் அடுக்குவரை ஏறிவிடுகிறது. நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்திக்கொள்ளும் டிரைக்கோடெஸ்மியம் போன்ற நுண்பாசிகளுக்கு இரும்புப் பசி அதிகம். 2019-ல் லா அட்டலான்ட் கப்பலில் சென்ற பிரெஞ்சு ஆய்வுக் குழு, இங்கே அவற்றின் செயல்பாடு பக்கத்துக் கடலைவிட 2 முதல் 8 மடங்கு அதிகம் என்று கண்டது. இதனால் உண்டான குளோரோபில் (பாசியின் பச்சையம்) திட்டின் பரப்பு 3,60,000 சதுர கிலோமீட்டர்.

இவ்வளவு பெரிய திட்டும் வேர்ல்ட்வியூவைத் திறந்தவுடன் தெரியாது. குளோரோபில் லேயரின் வண்ண அளவுகோல் கடலோரக் கலங்கல் நீருக்கும் சேர்த்து வைத்தது. நடுக்கடல் முழுக்க ஒரே நீலமாக நிற்கும். லேயர் செட்டிங்ஸில் வரம்பை ஒரு கனமீட்டருக்கு 0.03 – 0.5 மில்லிகிராம் எனக் குறுக்கி, ‘ஸ்குவாஷ் பேலட்’டை (எல்லா வண்ணங்களையும் அந்த வரம்புக்குள் அடக்கும் வசதி) டிக் செய்யுங்கள். அப்போதுதான் திட்டின் ஓரம் பிரிந்து தெரியும்.

தேதியிலும் கவனம் வேண்டும். டோங்கா, தேதிக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. வரைபடத்தைக் கோட்டுக்கு அப்பால் நகர்த்தினால் தேதி ஒரு நாள் மாறிவிடும்; இரு பக்கப் படங்களையும் ஒரே நாளென்று எண்ணி ஒப்பிடக் கூடாது.

பாசி பெருகும் தென்கோளக் கோடையில்தான் மேகமும் அதிகம், சூரியனும் உச்சியில். நாசாவின் அக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் படத்தில் நடுவே பட்டையாக வெயில் மினுங்கி, அந்த இடம் வெற்றாகிப்போகும். 2024 பிப்ரவரியில் ஏவிய பேஸ் செயற்கைக்கோளின் கருவி சாய்ந்து பார்ப்பதால் இந்தத் தொல்லை குறைவு. சமீபத்திய பருவங்களுக்கு அந்த லேயரையே எடுங்கள்.

பெரிய ஏமாற்று வேறு. 2022 ஜனவரி 15-ல் டோங்காவின் ஹுங்கா எரிமலை வெடித்ததற்கு அடுத்த நாட்களைத் திறந்தால் குளோரோபில் எகிறியிருக்கும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது: நீரில் தொங்கும் சாம்பலும், ஊற்றுநீர் குளிர்ந்து படியும் துகள்களும் ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுக்கும். குளோரோபில் லேயரை அணைத்து இயல்பு நிறப் படத்தைப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து வால் நீண்ட பால்பச்சை என்றால் பெரும்பாலும் துகள். பழுப்பு இழைகள் தெரிந்தால்தான் சிக்கல்: எரிமலை கக்கி மிதக்கும் நுரைக்கல்லும் அப்படித்தான் இருக்கும், மேலே திரண்ட டிரைக்கோடெஸ்மியமும் அப்படித்தான் இருக்கும். நாள் நாளாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். நுரைக்கல் என்றால் தடம் எரிமலை வாயில் போய் முடியும்.

ஸ்வைப் செய்து இரு தேதிகளை ஒப்பிடும் வசதி அருமை. டவுன்லோடு அப்படியல்ல: ஜியோடிஃப் (இடக்குறிப்போடு வரும் படக்கோப்பு) எடுத்தாலும் கிடைப்பது வண்ணப் படமே, குளோரோபில் எண்கள் அதில் இல்லை. எண் வேண்டுமென்றால் நாசாவின் ஓஷன் கலர் தளத்தில் 4 கிலோமீட்டர் மாதச் சராசரியை இறக்கி, இலவச சீடாஸ் மென்பொருளில் திறக்க வேண்டும். ஓர் இடத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் போதுமென்றால் ஐரோப்பாவின் கடல் தரவுச் சேவையான கோபர்னிகஸ் மரைன் சுலபம். ஆனால் அதன் இடைவெளியில்லா வரைபடத்தில் மேகம் மூடிய இடமெல்லாம் கணக்கிட்டு நிரப்பியது, நேரே அளந்ததல்ல.