டிக்கி ஷொக் மாற்றி மூன்று வருஷம்: பழைய சாமான் வாங்கி அவஸ்தைப்பட்ட கதையும் சேர்த்து

எங்கள் கார் ஒரு ஜப்பான் ஹட்ச்பேக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்துவிட்டார்கள், இடையில் கொழும்பில் எல்லாரையும் போல நாங்களும் இருக்கிற வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். எஞ்சின் ஒரு குறையும் வைக்கவில்லை. மானத்தை வாங்கியது டிக்கிதான்.

முதலில் தெரிந்தது நுவரெலியாவில். விடியற்காலைக் குளிரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்க, டிக்கிக் கதவு மெல்ல இறங்கி என் பிடரியில் உட்கார்ந்தது. திரும்பி வந்து வெள்ளவத்தையில் மத்தியான வெயிலில் திறந்தால் கம்பீரமாக நிற்கிறது! டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்கிற குழாயும் தண்டுமான சாமானைத்தான் ஷொக் என்கிறோம், அதற்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். 25 பாகை குளிர்ந்தால் அழுத்தம் நூற்றுக்கு 8 அளவில் குறையும். புது ஷொக் அதைத் தாங்கும், ஏற்கெனவே கசிந்து விளிம்பில் நிற்பது தாங்காது. ஆகவே காலையில் விழுந்து மத்தியானம் நின்றால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். மூன்று மாதத்தில் வெயிலிலும் விழத் தொடங்கியது, அம்மா டிக்கிக்குள் ஒரு தும்புத்தடியை நிரந்தரமாகவே போட்டுவைத்தார். சந்தைக்குப் போனால் மரக்கறிப் பையைத் தூக்க முதல் "தம்பி, தடியைக் குடு, தலையில விழப்போகுது" என்பதுதான் முதல் பேச்சு.

2022 ஏப்ரலில் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். டொலர் நாளுக்கொரு விலை போன காலம், புதுச் சோடியின் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. பக்கத்துக் கடை நானா, "ஜப்பான் வண்டியில கழட்டின சாமான் தம்பி, யோசிக்காம கொண்டு போங்க" என்றார். மூன்றில் ஒரு பங்கு விலை. வாங்கினேன், ஐந்தே மாதத்தில் தும்புத்தடி திரும்பி வந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. வண்டியில் டிக்கி மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்தப் பளபளப்பான தண்டு குழாய்க்குள் பத்திரமாக இருக்கும். கழற்றிய ஷொக் தானாகவே முழுதாக நீண்டு நிற்கும், அப்படியே கடைக் கூரையில் கொத்தாக மாதக்கணக்கில் தொங்கினால் உப்புக் காற்றும் தூசியும் நேரே தண்டில்தான். என் தண்டில் கடுகைவிடச் சின்னதாகத் துருப் புள்ளிகள், நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அது உள்ளே இருக்கும் ரப்பர் சீலை அரத்தால் ராவுகிற மாதிரி ராவும், பிறகு காஸ் எங்கே நிற்கும்? முழுப் பழியையும் நானாமேல் போடவும் முடியாது, நானும் தலைகீழாக மாட்டியிருந்தேன். மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற கொஞ்ச எண்ணெய் சீலில் தேங்கி அதை ஈரமாக வைத்திருக்கும்.

பழைய ஒல்டர்னேட்டர், கதவுக் கண்ணாடி எல்லாம் இன்றைக்கும் பஞ்சிகாவத்தையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ஷொக் மட்டும் வேண்டாம். அது வைப்பர் பிளேட் மாதிரித் தேய்கிற சாமான்.

அந்த வருஷக் கடைசியில் புதுச் சோடி எடுத்தேன். குழாயில் அச்சடித்திருக்கும் நியூட்டன் கணக்கும் (ஷொக் தள்ளுகிற பலம்), நீட்டிய நிலையில் நீளமும் பழையதோடு பொருந்த வேண்டும். கடையில் "பவர் கூடினது தரட்டா" என்று கேட்டார்கள். நூறு நியூட்டன் கூடினால் ஏறக்குறைய பத்துக் கிலோ. அம்மாவின் உயரம் ஐந்து அடிக்கும் குறைவு, டிக்கியை மூட அதில் தொங்கவா முடியும்? வேண்டாம் என்றேன்.

மாட்டுவது இருபது நிமிட வேலை, கராஜுக்குப் போகத் தேவையில்லை. தம்பி கதவைத் தோளில் தாங்கினான் (தும்புத்தடி மேலதிகக் காவல்). முனையில் இருக்கும் கம்பிக் கிளிப்பைச் சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் நெம்பி, அது மாட்டியிருக்கும் உருண்டை இரும்புக் குண்டிலிருந்து இழுத்தால் வந்துவிடும். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மற்றப் பக்கம். தண்டைக் குறட்டால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் போதும்.

மூன்று வருஷம் தாண்டிவிட்டது. போன டிசம்பரில் நுவரெலியாவில் காலை ஆறு மணிக்குத் திறந்தேன், அசையவில்லை. இடது பக்கக் குண்டு மட்டும் கொஞ்ச நாள் கிரீச்சிட்டது, ஒரு துளி கிரீஸோடு அடங்கிவிட்டது. தண்டுக்கு எண்ணெய், ஸ்ப்ரே ஒன்றும் போடுவதில்லை, தூசிதான் ஒட்டும்.

அத்தானின் ஜெர்மன் காரில் பொனட்டுக்கும் இரண்டு ஷொக். காசை மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் மாற்றினார். இப்போது பொனட் ஒரு பக்கம் முந்தி எழும்புகிறது, மூடினால் வலது விளக்குப் பக்கம் விரல் நுழைகிற இடைவெளி. சொன்னால், "ஓடுது தானே" என்கிறார்.

கழற்றிய நாலு ஷொக்கும் இன்னும் என் பல்கனியில்தான் கிடக்கின்றன. போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை, நெருப்பில் போட்டாலோ வெட்டினாலோ வெடிக்கும். செத்தது என்று நாம் சொல்கிற ஷொக்கிலும் கையால் அமுக்க முடியாத அளவுக்கு காஸ் இருக்கலாம்.