ஸ்கைரிம் ‘மோட் செட்’ என்று ஹார்டு டிஸ்க் விற்கிறார்கள், வாங்காதீர்கள்: 3,300 ரூபாயும் போய், கணக்குகளும் பறிபோன அனுபவம்

“600 மோட், ஒரே டிஸ்க், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டா மதி (போதும்)” என்று, ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேமுக்கான மோட்களை மார்த்தாண்டம் பக்கம் ஒருவர் விற்றுக்கொண்டிருக்கிறார். வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் செய்த முறையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே முறையில் வேறு ஊரிலும் யாராவது விற்கலாம்.

நான் குலசேகரத்துக்காரன். பகலில் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி ஒரு மணிநேரம் ஸ்கைரிம். 2011 நவம்பர் 11இல் வந்த கேம் அது. இத்தனை வருடம் கழித்தும் ஆட்கள் விளையாடுவதற்குப் பெரிய காரணம் மோட்கள்தான். கேமின் தோற்றத்தையோ ஆட்டத்தையோ மாற்ற, விளையாடுகிறவர்களே உருவாக்கிச் சும்மா கொடுக்கும் ஃபைல்கள். திருவட்டாரில் இருக்கும் எனக்க சித்தப்பா மகன் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவான். பிளஸ் டூ படிக்கிறான். பூனை முகமுள்ள கஜீத் இனத்தில் ஒரு வில்லாளியை உருவாக்கி, வீட்டுப் பூனையின் பெயரையே வைத்து, 112 மணிநேரம் ஓட்டியிருந்தான். ஏழாயிரம் படி ஏறி ஹை ஹ்ரோத்கர் மடத்துக்குப் போன அன்று, “அண்ணா, நம்ம மருந்துவாழ் மலை ஏறுன மாதியே இருக்கு” என்றான். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. கேமில் அருவியும் மழையும் திற்பரப்பில் தண்ணீர் விழுவதைப் போல இருக்க வேண்டும்.

அதற்கு மோட் உண்டு, நிறையவே உண்டு. நெக்ஸஸ் மோட்ஸ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். எங்கள் சிக்கல் டவுன்லோடு. இலவசக் கணக்குக்கு அங்கே வேகம் குறைவு, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சொடுக்கி எடுக்க வேண்டும். ஜூன் மாத மழையில் இங்கே கரண்டும் நிலைப்பதில்லை, நெட்டும் நிலைப்பதில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்த டிஸ்க் விளம்பரம் வந்தது.

நேரில் போனேன். ஒரு மாடி அறை, நாலைந்து கம்ப்யூட்டர், சுவரெல்லாம் கேம் போஸ்டர். டிஸ்குக்கு 2,500, ‘செட்டப்’ கூலி 800. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. “அண்ணே, இதெல்லாம் ஃப்ரீயா கெடைக்கியதுல்லா?” என்று கேட்டேன். “தம்பி, ஃபைலு ஃப்ரீதான். ஒழுங்கா அடுக்கி வச்சதுக்குத்தான் காசு. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்” என்றார். அந்தப் பதில் எனக்கு நியாயமாகப் பட்டது. மோட் விஷயத்தில் கஷ்டமான வேலை அடுக்குவதுதான் என்று எனக்கே தெரியும். அந்த வேலையைத்தான் அவர் செய்யவே இல்லை.

அடுக்குவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு மோட்கள் ஒரே பொருளை மாற்றினால், வரிசையில் கடைசியாக ஏறுவதுதான் நிற்கும். அதனால் எது முன்னே, எது பின்னே என்ற லோட் ஆர்டர் முக்கியம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “பாலில தண்ணி சேக்காம ஆசிட்ட ஊத்துனா ஷீட்டு வருமா?” என்றார். முப்பது வருடமாக ரப்பர் ஷீட்டு அடிக்கிறவர் அவர். அந்த டிஸ்கில் மூன்று வானிலை மோட்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மூன்றுமே அதே வானத்தை மாற்றுபவை.

அடுத்தது எண்ணிக்கை. மோடின் மாற்றங்களைக் கேமுக்குச் சொல்லும் ஃபைலுக்கு பிளகின் என்று பெயர். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் 254 முழு பிளகின்களுக்கு மேல் ஏற்காது. ‘லைட்’ என்று குறியிட்ட சின்ன பிளகின்களுக்குத் தனிக் கணக்கு, அது 4,096 வரை போகும். இவர் கொடுத்ததில் முழு பிளகின்கள் மட்டும் 317. அந்த செட்டை அவரே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

மூன்றாவது பதிப்பு. பெரிய மோட்கள் பலவற்றுக்கு எஸ்.கே.எஸ்.இ. என்ற ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், அதாவது கேமுக்குக் கூடுதல் திறன் தரும் துணைக் கருவி வேண்டும். கேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கென்று செய்த எஸ்.கே.எஸ்.இ.தான் பொருந்தும். என் கேம் 1.6.1170. டிஸ்கில் இருந்தது 1.5.97 பதிப்புக்கு உரியது. இரண்டும் சேரவே சேராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சொன்னபடியே காப்பி செய்தேன். மோட் மேனேஜர் எதுவும் வேண்டாம், நேராக கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் போடுங்கள் என்றார். இதைக் கேட்டதுமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மோட் ஆர்கனைசர் 2 போன்ற மேனேஜரில் ஒவ்வொரு மோடும் தன் தனி ஃபோல்டரில் இருக்கும், கேமின் சொந்த ஃபைல்களைத் தொடாது, வேண்டாம் என்றால் ஒரு டிக்கை எடுத்தால் போய்விடும். டேட்டா ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றை ஒன்று அழித்து மேலே எழுதும். பிறகு எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

கேம் தொடங்கவே இல்லை. போன் செய்தேன். நம் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றைப் போடச் சொன்னார், போட்டேன். உள்ளே வந்து முதலில் செய்தது, விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்து, சி டிரைவ் முழுவதையும் ‘சோதிக்க வேண்டாம்’ பட்டியலில் சேர்த்தது. “ஆன்டி வைரஸ் மோடை எல்லாம் வைரஸ்னு நெனச்சுத் தின்னுரும் தம்பி” என்றார். பிறகு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரு ஜிப் ஃபைலைப் பிரித்து, அதிலிருந்த ஒரு லோடரை (கேமைத் தொடங்கிவைப்பது என்ற பெயரில் இருந்த ஃபைலை) ஓட்டினார். ஜிப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் ஆன்டி வைரஸால் உள்ளே பார்க்க முடியாது. பூட்டியதற்குக் காரணமே அதுதான் என்று இப்போது தெரிகிறது.

அதன்பின் பிளகின் பட்டியலில் கண்ணுக்குப் பட்டதை எல்லாம் டிக் எடுத்தார். எது எதைச் சார்ந்தது என்று பார்க்கவில்லை. ஒரு மோடுக்கு அடிப்படையான இன்னொரு மோடை எடுத்துவிட்டால் முதல் திரையிலேயே கேம் விழுந்துவிடும். ஏழெட்டு முறை விழுந்து, ஒருவழியாகத் திறந்தது. “ஓடுதுல்லா, பின்ன என்ன?” என்று சொல்லி 800 ரூபாயை ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

தம்பி ஆவலோடு பழைய சேவ் ஃபைலைத் திறந்தான். தண்ணீர் முழுவதும் ஊதா. பொருள்களின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர் காணாமல் போனால் இந்த கேமில் அந்த நிறம்தான் வரும். அருவி ஊதா, ஆறு ஊதா. அவன் பூனைக்கு வில் இருந்தது, கை இல்லை. பயந்துபோய் வெளியே வந்தான். அதற்குள் நாலைந்து கதவு தாண்டியிருந்ததால், கேம் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் பழையவற்றின் மேலே எழுதிவிட்டது. கையால் சேமிக்கும் சேவ் ஃபைலையும் அவன் எப்போதும் ஒரே இடத்தில்தான் எழுதிவந்தான், அன்றும் அங்கேயே எழுதினான். மோட்களின் ஸ்கிரிப்ட்கள் சேவ் ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும். அதன்பின் மோடை எடுத்தாலும் அந்த சேவ் பழையபடி ஆகாது. 112 மணிநேரம். அவன் அழவில்லை. “பரவாயில்ல அண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் காசு நஷ்டம், மனக்கஷ்டம் என்று விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை ராத்திரி என் இன்ஸ்டாகிராமிலிருந்து நண்பர்களுக்கெல்லாம் ‘5,000 போட்டால் மறுநாள் இரட்டிப்பு’ என்று மெசேஜ் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தது செவ்வாய் காலையில். மெயிலுக்குள் நுழைய முடியவில்லை, கேம்களை வாங்கி வைத்திருக்கும் ஸ்டீம் கணக்கின் மெயில் முகவரி மாறியிருந்தது. எனக்கு இரட்டைச் சரிபார்ப்பு இருந்தது, ஓ.டி.பி. எதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எப்படி? நாம் ஒருமுறை லாகின் ஆனதும் பிரவுசர் ஒரு அடையாளச் சீட்டை வைத்துக்கொள்ளும், மறுபடி மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதற்காக. அந்த லோடர் திருடியது அதைத்தான். சீட்டு கையில் இருப்பவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓ.டி.பி.யும் கேட்காது.

குவைத்தில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன், நான்தான் கேட்கிறேன் என்று நம்பி 5,000 ரூபாய் அனுப்பிவிட்டான். அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது, என் பெயரைச் சொல்லிப் போயிருக்கிறது.

1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன், சைபர் கிரைம் இணையதளத்திலும் எழுதினேன். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கிக்குத் தகவல் போனால் நிறுத்திவைக்க வழியுண்டு. நாங்கள் அழைக்கும்போது ஒரு பகல் கடந்திருந்தது. ஸ்டீம் கணக்கு, வாங்கிய ரசீதுகளைக் காட்டியபின் திரும்பக் கிடைத்தது. மெயிலும் கிடைத்தது. இன்ஸ்டாகிராம் போனது போனதுதான்.

அந்த லோடரை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, ஃபைல்களைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். பாஸ்வேர்டு திருடும் வகை என்று பல நிறுவனங்களின் ஆன்டி வைரஸ்கள் குறி காட்டின. எஸ்.கே.எஸ்.இ.யின் லோடர் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள், ஆனால் அசல் ஃபைலைவிடப் பல மடங்கு பெரியது. புதுசு என்று சொன்ன டிஸ்கையும் சோதித்தேன், 11,000 மணிநேரத்துக்கு மேல் ஓடிய பழைய டிஸ்க்.

அந்த மாடி அறைக்கே போய் அவரிடம் கேட்டேன். “பிரிச்ச சாதனத்துக்கு கேரண்டி கெடையாது தம்பி” என்றார். வைரஸ் பற்றிக் கேட்டதற்கு, அந்த ஜிப் தனக்கும் டெலிகிராமில் வந்ததுதான் என்றார். ஒருவேளை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் என் டிஃபெண்டரை அணைத்தது அவர் கை.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. டிஸ்கில் இருந்த மோட்கள் ஒவ்வொன்றும் யாரோ ராத்திரி கண்விழித்துச் செய்தது. 2013இல் வந்த ஃபால்ஸ்கார் என்ற மோடில் ஒரு தனி நிலப்பரப்பே உண்டு. அதைச் செய்தவருக்கு அப்போது 19 வயது, ஏறக்குறைய 2,000 மணிநேரம் உழைத்திருக்கிறார். 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு குழு எண்டெரல் என்று முழு கேம் அளவுக்கு ஒன்றைச் செய்து இலவசமாகவே கொடுத்தது. இந்த டிஸ்கில் ஒரு ரீட்மீ ஃபைல்கூட இல்லை. செய்தவர் பெயர், எதன்மேல் சார்ந்தது, எந்த வரிசையில் போடவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பெயரை அழித்தபோது வழிகாட்டியும் சேர்ந்து அழிந்துவிட்டது.

காசு கொடுத்து வாங்கும் மோடே கிடையாதா என்றால், உண்டு. 2015 ஏப்ரலில் ஸ்டீமில் விலைக்கு விற்கத் தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் ஒரு வாரத்துக்குள் நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கேமின் மெனுவுக்குள்ளேயே கிரியேஷன்ஸ் என்ற பகுதியில் சிலவற்றுக்கு விலை இருக்கிறது. செய்தவருக்கு அதில் பங்கு போகும். மாடி அறையில் டிஸ்கில் வாங்குவது அந்த வகையில் சேராது.

நான் கம்ப்யூட்டரை முழுவதும் ஃபார்மேட் செய்து, மோட் ஆர்கனைசர் 2 வைத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். முதலில் என் பதிப்புக்குச் சரியான எஸ்.கே.எஸ்.இ., பிறகு கேமின் பிழைகளைத் திருத்தும் அதிகாரபூர்வமற்ற பேட்ச், பிறகு மெனுவைத் திருத்தும் ஸ்கை யூஐ, அதன்பின் ஒரே ஒரு தண்ணீர் மோட். ஒவ்வொன்றைப் போட்டதும் கேமைத் திறந்து பத்து நிமிடம் நடந்து பார்க்கிறேன். வரிசைக்கு லூட் என்ற இலவசக் கருவி உதவுகிறது. போன சனிக்கிழமை தம்பி வந்தான். புதுப் பூனை, அதே பெயர். கேமில் வரும் ரிவர்வுட் ஊரின் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாம்பல் நிற டிஸ்க், மேலே மார்க்கர் பேனாவால் ‘600 ஃபுல் செட்’ என்று எழுதியிருக்கும். அதை ஏற்கெனவே செருகியவர்கள் அந்தக் கம்ப்யூட்டரில் நெட்டை நிறுத்துங்கள். வேறு போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். அது இல்லாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் திருடிய சீட்டு சில இடங்களில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் டிஃபெண்டரில் ‘சோதிக்க வேண்டாம்’ பட்டியலைத் திறந்து பாருங்கள், அங்கே சி டிரைவ் இருந்தால் உங்கள் வீட்டுக்கும் அதே ஆள்தான் வந்துபோயிருக்கிறார். எனக்குத் தனியாக எழுதுங்கள். புகார் எண்ணைத் தருகிறேன், நீங்களும் சேர்ந்து கொடுக்கலாம்.