டபுள் கெப்பா, பஜேரோவா, விட்டாராவா? திருகோணமலையில் பழைய ஃபோர் வீல் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பொனட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் கையோடு ஒரு பழைய பாய் கொண்டுபோவேன். அதை விரித்து, பின்சில்லுக்குப் பக்கத்தால் அடியில் போய்ப் படுப்பேன். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் கழற்றிச் செய்யலாம். முடியாவிட்டால் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் தேடி எடுக்கலாம். ஆனால் வாகனத்தையே தாங்குகிற இரும்புச் சட்டமான செசியைத் துரு தின்றுவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம் ஊரில் உப்புக்காற்றே ஒரு வாகனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இதை நாங்கள் காசு கொடுத்துத்தான் படித்தோம். தம்பலகாமத்தில் வயல் செய்கிற மாமாவுக்கு உரமூட்டை ஏற்றவும் நெல் இறக்கவும் ஒரு டபுள் கெப் தேவைப்பட்டது, இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் பாரப்பெட்டியும் உள்ள வாகனம். பார்த்த வாகனத்துக்குப் பெயின்ற் புதிது, இருக்கை உறை புதிது. எஞ்சினும் சத்தமில்லாமல் நின்றது. அடியில் எட்டிப் பார்த்தேன், முழுவதும் பளபளவென்று கறுப்புப் பெயின்ற். "இதில இனி என்னடா பார்க்கக் கிடக்கு? தண்ணி மாதிரி ஓடுது" என்றார் மாமா. நானும் சரி என்றேன். முப்பது வருடப் பழைய வாகனத்தின் அடிப்பக்கம் மட்டும் ஏன் போன கிழமை பெயின்ற் அடித்ததுபோல் இருக்கிறது என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மாரியில், வாய்க்கால் வரம்பில் மூட்டைகளோடு திரும்பும்போது பின்பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். வாகனம் ஒருபக்கம் சரிந்து நின்றுவிட்டது. இலை ஸ்பிரிங்கைத் தாங்குகிற கொக்கி, செசியின் தகட்டையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. கிழிந்த இடத்தில் விரலை விட்டேன். துரு அப்பளம்போல் படை படையாகக் கையில் வந்தது. பின்பெட்டியில் ஒட்டியிருந்த றபர் விரிப்பை உயர்த்திய பிறகுதான் காரணம் புரிந்தது. மூலையில் மீன் வாடை இன்னும் போகவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணி பெட்டியின் பொருத்துகளுக்குள்ளால் இறங்கி, பல வருடமாகச் செசிக்குள் போயிருக்கிறது. கறுப்புப் பெயின்ற் அதை மூடி வைத்திருந்தது.

ஆகவே எந்த வாகனத்தைப் பார்க்கப் போனாலும் பாய், டோர்ச், கனமான பிடியுள்ள ஸ்குரூ டிரைவர் மூன்றையும் கொண்டு போங்கள். பிடியால் செசியை நீளத்துக்குத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று பேசும். உள்ளே தின்றுபோன இடம் 'பொத்' என்று அமுங்கும். பின்சில்லுக்கு மேலே செசி வளைந்து ஏறுகிற இடம், ஸ்பிரிங் கொக்கிகள், டீசல் டாங்கிக்கு மேற்பக்கம் இந்த மூன்றையும் விடவே கூடாது. செசியின் அடியில் தண்ணி வடிவதற்கென்று துளைகள் இருக்கும். சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். பொரி பொரியாக வந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது புதிய ஜீப் நம்மில் பலருக்கு எட்டாது. அதனால் பேச்சு பழையபடி தொண்ணூறுகளின் வாகனங்களுக்கே வருகிறது. நம் பக்கத்தில் கைமாறுகிறவற்றில் கடும்போட்டி இரண்டுக்குத்தான்: டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106, 107 டபுள் கெப் ஒரு பக்கம், மிட்சுபிஷி பஜேரோவின் இரண்டாம் தலைமுறை மறுபக்கம்.

டபுள் கெப்பின் பலம் அதன் எளிமை. 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சினில் டர்போ கிடையாது, கணினி கிடையாது. கிண்ணியாவிலோ மூதூரிலோ மரத்தடிக் கராஜில் இருக்கிற மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். முன்னும் பின்னும் முழு அச்சு, நாலு பக்கமும் இலை ஸ்பிரிங். ஈச்சிலம்பற்றுக் கிரவல் பாதையில் பாரம் ஏற்றிப் போக இதைவிட நம்பிக்கையான ஒன்றை நான் கண்டதில்லை. ஆனால் பின்னால் இருப்பவர்களுக்கு முதுகு நோகும். கொழும்புக்குப் போகிற 260 கிலோமீற்றரும் குலுக்கிக்கொண்டேதான் போகும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

இதில் பார்க்க வேண்டியவை வேறு. முன்சில்லின் உட்பக்கத்தில் பந்துபோல் உருண்டையாக ஒரு மூடி இருக்கும். அதைச் சுற்றிக் கிரீஸும் ஒயிலும் கலந்து கஞ்சிபோல் வடிந்திருந்தால், உள்சீல் போய் அச்சின் ஒயில் சில்லுப் பக்கம் வருகிறது என்று அர்த்தம். செய்யலாம், ஆனால் விலையில் கழிக்க வேண்டும். ரைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. எப்போது மாற்றியது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் வாங்கிய கிழமையே மாற்றிவிடுங்கள். ஒயில் ஊற்றுகிற மூடியை எஞ்சின் ஓடும்போதே திறந்து பாருங்கள். இலேசான ஆவி பரவாயில்லை. ரயில் எஞ்சின்போல் குப் குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது. அதற்காகப் பயந்து ஓட வேண்டாம். முன்னமே சொன்னேனே, எஞ்சினைச் செய்துவிடலாம்.

பஜேரோ வேறு சாதி. இது குடும்பத்தோடு போகிறவர்களின் வாகனம். பின்னால் சுருள் ஸ்பிரிங், முன்னால் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக ஏறி இறங்கும், உள்ளே ஏழு பேர் இருக்கலாம். வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த எஞ்சின் என்பது. 2.5 லீற்றர் 4டி56 என்றால் ரைமிங் பெல்ட்டோடு பலன்சர் பெல்ட் என்று இன்னொன்றும் உண்டு. அது அறுந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போனால் எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட் முழுக்க நாசம். சூடேறினால் ஹெட்டில் வெடிப்பு விழும் என்ற பெயரும் இதற்கு உண்டு. 2.8 லீற்றர் 4எம்40 செயினில் ஓடுகிறது. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் நான் 4எம்40 பக்கந்தான் நிற்பேன். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்ரார்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணியில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட்டிலோ கஸ்கெட்டிலோ பழுது. நீங்கள் போகுமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார்களானால், அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். பொனட்டில் கை வைத்தாலே தெரியும். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

துரு விஷயத்தில் பஜேரோ டபுள் கெப்பைவிடக் கள்ளத்தனமானது. டபுள் கெப்பின் செசி வெளியே தெரிகிறது. பஜேரோவில் பின்சில்லு வளைவுகளின் உட்பக்கமும், செசியின் பின்முனையும், கதவுக்குக் கீழே வருகிற பெட்டித் தகடும் மறைவாக இருந்து தின்னப்படும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகளில் ஓடி, கடற்கரை மணலில் நின்ற வாகனம் என்றால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். பின்பக்கக் கம்பளத்தை உயர்த்திப் பார்க்க உரிமையாளர் தயங்கினால், அதற்குமேல் அங்கே நிற்கத் தேவையில்லை.

ஆனால் பெரிய வித்தியாசம் ஃபோர் வீல் பொறியில் இருக்கிறது. வளைவில் முன்சில்லுகள் ஓடுகிற தூரம் வேறு, பின்சில்லுகள் ஓடுகிற தூரம் வேறு. டபுள் கெப்பில் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். மணலிலும் சேற்றிலும் ரயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிபண்ணிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் பொறி இறுகி, கடைசியில் ஏதாவது உடையும். பஜேரோவின் சூப்பர் செலக்ட் பொறியில் நடுவில், இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. அதனால் மழையில் ஹொறவப்பொத்தானை வீதியில் போகும்போதுகூட 4எச், அதாவது வேகமாக ஓடுகிற ஃபோர் வீல், போட்டுக்கொண்டு போகலாம். பிள்ளைகளோடு இரவுப் பயணம் செய்கிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வசதிக்குப் பின்னால் வெக்கியூம் குழாய்களும் சுவிட்சுகளும் நிறைய இருக்கின்றன. டாஷ்போர்டில் சில்லுப் படத்தின் விளக்கு நின்று எரியாமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் அவற்றில் ஒன்று போய்விட்டது.

அதனால் ஓட்டிப் பார்ப்பதைத் தார் ரோட்டில் முடிக்காதீர்கள். மணலோ கிரவலோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். டபுள் கெப்பில் முன்சில்லின் நடுவில் கையால் திருப்புகிற ஹப் இருந்தால் இரண்டையும் பூட்டுங்கள். முதலில் 4எச், பிறகு நிறுத்தி மெதுவாகப் பலமாய் இழுக்கிற 4எல். தடி இறங்காமல் முரண்டு பிடித்தால் பல வருடமாக அதை யாரும் தொடவில்லை. ஸ்டியறிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். 'கடக் கடக்' என்று முன்பக்கம் கேட்டால் மூட்டு தேய்ந்திருக்கிறது. முன்சில்லு உண்மையிலேயே மணலைத் தள்ளுகிறதா என்று ஒருவர் இறங்கி நின்று பார்க்க வேண்டும். விளக்கு எரிகிறது, ஆனால் முன்சில்லு சும்மா சுற்றுகிறது என்ற நிலையில் விற்கப்படுகிற ஜீப்புகளை நானே கண்டிருக்கிறேன்.

சின்னக் குடும்பம், குறைந்த காசு என்றால் சுசுகி விட்டாரா நல்ல தெரிவு. 1.6 லீற்றர் பெட்ரோல் எஞ்சின், அடியில் உண்மையான செசி, 4எல் வசதியும் உண்டு. எடை குறைவு என்பதால் மணலில் டபுள் கெப் புதைகிற இடத்திலும் இது நழுவிப் போய்விடும். பாரத்துக்கு உதவாது, தினமும் தூரம் ஓடினால் பெட்ரோல் காசு கையைக் கடிக்கும். ஜிம்னி இன்னும் சின்னது. ஓட்டிப் பார்க்கும்போது கட்டாயம் 60, 70 வேகத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்டியறிங் திடீரென்று கைக்குள் உதறத் தொடங்கினால் முன் அச்சின் பெயரிங்குகளும் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன. சில்லு பலன்ஸ் பண்ணினால் சரி என்று விற்பவர் சொல்வதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

டிஃபென்டர் மீது நம் பெடியன்களுக்கு ஒரு காதல் உண்டு, எனக்கும்தான். நாலு சில்லும் எப்போதும் இழுக்கும், 300 டிடிஐ எஞ்சின் உழைப்பாளி. ஆனால் அதன் உடல் அலுமினியம், எலும்பு இரும்பு. இரண்டும் தொடுகிற இடத்தில் உப்பு சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கால் வைக்கிற தகடும் செசியின் பின் குறுக்குச்சட்டமும் முதலில் போகும். கடற்கரை ஊரில் இதை வைத்திருக்க ஆசை மட்டும் போதாது, கிழமைக்கொரு முறை அடி கழுவுகிற பொறுமையும் வேண்டும். பழைய பிராடோ பார்க்கிறவர்களுக்கு ஒரே வரி: 3 லீற்றர் 1கேஇசட் எஞ்சினில் ஹெட் வெடிப்புத்தான் முதல் சந்தேகம்.

எல்லா வாகனத்துக்கும் பொதுவான புதிய கவலை, வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைத்தபோது மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணி நின்றது. நாட்டின் மற்ற இடங்களிலும் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. கழுவித் துடைத்துவிட்டால் வெளியே தெரியாது. சீற்பெல்ட்டை முழுதாக இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைப் பூட்டிய ஆணிகள் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சில் இருக்கிற டிஃபரன்ஷியலின் பக்க ஆணியைக் கழற்றி ஒயிலைத் தொடுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணி போயிருக்கிறது.

பத்திரத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். செசியில் அடித்திருக்கிற இலக்கத்தை உங்கள் கண்ணால் படித்து, வாகனப் பதிவுச் சான்றிதழான சி.ஆரோடு ஒப்பிடுங்கள். எழுத்துகளைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ வெல்டிங்கோ இருந்தால் விட்டுவிடுங்கள். வேறு வாகனத்தின் பத்திரத்தில் ஓடுகிற ஜீப் ஒருநாள் பொலிஸ் முற்றத்தில் நிற்கும். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். சி.ஆரில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக நின்றால், அதை நீக்கிய பிறகுதான் மிச்சக் காசு. வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பன் பேப்பரோடு நாலு கை மாறி வந்த வாகனத்தில், முதல் ஆளைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை.

மொத்தத்தில் என் தெரிவு இதுதான். வயலும் பாரமும் இருந்தால் டபுள் கெப். பட்டணத்தில் இருந்துகொண்டு குடும்பத்தோடு தூரம் போகிறவர் என்றால் 4எம்40 பஜேரோ. இரண்டிலும் கடலோரம் ஓடியதைவிட கந்தளாய், அநுராதபுரம் போல் கடலுக்குத் தள்ளியிருக்கிற ஊர்களில் ஓடியதைத் தேடுங்கள்.

மாமா இரண்டாவதாக வாங்கியது கந்தளாயில் ஒரு விவசாயியிடமிருந்து. எல்என் 107. இருக்கை கிழிந்திருந்தது, பெயின்ற் மங்கியிருந்தது, காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் வீடு முழுக்க நீலப்புகை. நான் பாயைப் போட்டு அடியில் படுத்து, முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வந்தேன். ஒரு இடமும் 'பொத்' என்று சொல்லவில்லை. மாமா வெளியே குந்தியிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழும்பி வருமுன்னே முற்பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். எஞ்சினை முதல் மாதமே இறக்கிச் செய்தோம். அந்தப் பாய் இப்போது பின்சீற்றுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது. ஊரில் யாராவது வாகனம் பார்க்கப் போனால் மாமாவிடம் வந்து அதை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.