நீட் இயற்பியல் கிராஷ் கோர்ஸ்: பணம் கட்டும் முன் ஒரு மாதிரித் தேர்வைக் கேட்டு வாங்குங்கள்

தம்பிக்கு நீட் இயற்பியல்தான் பயம். அதற்கு மட்டும் தனியாக ஓர் ஆன்லைன் கிராஷ் கோர்ஸில் சேர்த்துவிட்டோம். பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் பலர் இருக்கிறார்கள். 'புதிய பாடத்திட்டப்படி டெஸ்ட் சீரீஸ், விளக்கத்தோடு விடைகள்' என்பது விளம்பரம். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

முதல் டெஸ்டில் 50 கேள்விகள். கடைசி 15இல் ஏதாவது 10 எழுதினால் போதுமாம். அந்த சாய்ஸ் 2021 முதல் 2024 வரை இருந்தது, 2025இல் எடுத்துவிட்டார்கள். இப்போது இயற்பியலில் 45 கேள்விகள், எல்லாமே கட்டாயம், 180 மதிப்பெண். முழுத் தாளுக்கான நேரமும் 200 நிமிடத்திலிருந்து 180 ஆகிவிட்டது. பையன் கஷ்டமான ஐந்தைத் தள்ளிவிட்டு நல்ல மார்க் வாங்குவான், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவோம். உண்மையான தேர்வில் அந்த ஐந்தும் அவன் முன்னால்தான் நிற்கும், தப்பாக எழுதினால் ஆளுக்கு ஒரு மார்க் வேறு போகும்.

பாடம் நடத்தியதும் அப்படித்தான். 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டத்தைத் திருத்தியபோதே டிரான்சிஸ்டரை நீக்கிவிட்டார்கள். இவர்கள் டிரான்சிஸ்டர் பெருக்கிக்கு வகுப்பு மேல் வகுப்பு எடுத்தார்கள். பழைய வீடியோதான், வேறென்ன! அதே திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்த செய்முறைத் திறன்கள் அலகுக்கு (வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய் எல்லாம் வருமே, அது) ஒரு பிடிஎஃப் அனுப்பியதோடு சரி.

அந்த பிடிஎஃபில் ஒரு வெர்னியர் கணக்கு. அளவீடு 2.45 செ.மீ., சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் தவறான அளவு) −0.03 செ.மீ. பிழை எதிர்க்குறியில் இருந்தால் கூட்ட வேண்டும், ஆக 2.48. அவர்கள் விடைக்குறிப்பில் 2.42. தம்பி கேட்டதற்கு 'டவுட் டீம்' அனுப்பிய பதில்: "பிழையைக் கழிக்க வேண்டும் என்பதே விதி." கழிக்கத்தான் வேண்டும் சாமி, மைனஸைக் கழித்தால் பிளஸ் ஆகாதா? நன்றாகத் தெரிந்த பாடத்திலேயே பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அதுதான் ஆத்திரம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். 'வீடியோவைத் திறந்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது' என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அதனால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் புகாரில் அதைத்தான் இணைத்தோம்.

சேரும் முன் அவர்களுடைய டெஸ்ட் ஒன்றை விடைக்குறிப்போடு கேளுங்கள். 45 கேள்வியா, சாய்ஸ் இருக்கிறதா, டிரான்சிஸ்டர் தலைகாட்டுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். தர மறுத்தால் அடுத்த இடம் பாருங்கள். தம்பி இப்போது என்சிஇஆர்டி புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துத்தான் படிக்கிறான்.