முன் ஆக்சிலுக்குக் காயில்: ரேடியஸ் ஆர்மா, த்ரீ லிங்க்கா, இல்லை பட்டையே போதுமா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் டிரக்கில் முன்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட நினைக்கும் பலர் முதலில் கேட்பது எந்தக் காயில், எத்தனை இன்ச் உயரம் என்பதைத்தான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. காயில் பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். பட்டையோ பாரத்தையும் தாங்கி, ஆக்சில் முன்னே பின்னே போகாமலும், இடம் வலம் நகராமலும், பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலின் உறையான ஹவுசிங் உருண்டுவிடாமலும் பிடித்துவைத்திருந்தது. அதைக் கழற்றியதும் இந்த மூன்று வேலைக்கும் தனித்தனியாக ஆள் போட வேண்டும். எந்த ஆளைப் போடுவது என்பதுதான் இங்கே ஒப்பிட வேண்டிய விஷயம். கூடவே ஸ்டீயரிங்கும் வந்து ஒட்டிக்கொள்ளும், பாதிப் பேர் அதில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் பட்டைக்கு ஒரு நியாயம் சொல்லிவிடலாம். பட்டை வண்டியில் சேசிஸோடு இணைப்பு ஒவ்வொரு பக்கமும் இரண்டு இடம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. பாரம் பரவலாக இறங்கும், துரு ஏறிய பழைய சேசிஸுக்கு அது பெரிய உபகாரம். மெல்லிய பட்டைகள் அதிகம் உள்ள நீளமான கட்டு, நல்ல ஷாக், உராயாத புஷ் (இணைப்பு முனையில் இருக்கும் உருளை) என்று மாற்றினாலே குலுக்கலில் கணிசமான பங்கு போய்விடும். பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் உயரமும் கிடைக்கும், ஆனால் பிரேக்கிலும் முறுக்கத்திலும் பட்டை எஸ் வடிவில் வளையும், டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மேலும் கீழும் ஆடும். அதைத் தடுக்க ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு ஒரு ஷாக்கிள் (ஆடும் இணைப்பு) என்று ஆரம்பித்தீர்களானால் பாதி லிங்க் சஸ்பென்ஷன் வேலையை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், அதற்குப் பேசாமல் காயிலுக்கே போயிருக்கலாம். பாரம் ஏற்றி நெடுந்தூரம் போகிற, வழியில் எதையும் கட்டிக்கொண்டு ஊர் சேர வேண்டிய வண்டியென்றால் பட்டையோடு இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, காயிலுக்குப் போவதால் என்னதான் கிடைக்கிறது? மிருதுவான ஓட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான், பட்டைக்குப் பட்டை உராய்வது இல்லாமல் போகிறதே. ஆனால் அந்த உராய்வு ஒரு இலவச ஷாக் அப்சார்பராகவும் இருந்தது என்பதால், பழைய ஷாக்கை அப்படியே விட்டால் வண்டி ஊஞ்சல் ஆடும். அதிகம் பேசப்படாத லாபம் இன்னொன்று இருக்கிறது: டயர் திரும்பும் கோணம். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிய முழு லாக்கில் டயர் போய் இடிக்கும் இடத்தில் பட்டை இல்லை. ஃபோர்டு 2005இல் சூப்பர் டியூட்டி டிரக்கின் முன்பக்கத்தைப் பட்டையிலிருந்து காயிலுக்கு மாற்றியபோது வண்டி திரும்ப வேண்டிய வட்டம் நன்றாகக் குறைந்தது. டொயோட்டா 1999இல் லேண்ட் க்ரூசர் 70 சீரிஸின் முன்னால் காயில் வைத்தது, ஆனால் அதில் பாரம் சுமக்கும் பிக்கப்பான 79இன் பின்னால் இன்றைக்கும் பட்டைதான். எந்த முனையில் காயில் உதவும், எந்த முனையில் பட்டை போதும் என்று அந்த ஒரு வண்டியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது ரேடியஸ் ஆர்ம். 1966 ஃபோர்டு ப்ராங்கோவில் இருந்தது, 1970 ரேஞ்ச் ரோவரில் இருந்தது, 1990இல் வந்த லேண்ட் க்ரூசர் 80இலும் இதுதான். பக்கத்துக்கு ஒரு தடித்த ஆர்ம், ஆக்சிலில் இரண்டு இடத்தில் பிடித்து, சேசிஸில் ஒரே இடத்தில் முடியும். பக்கவாட்டுக்கு, ஆக்சிலையும் சேசிஸையும் குறுக்கே இணைக்கும் ஒரு பேன்ஹார்ட் ராட். மொத்தம் மூன்றே உருப்படி, சேசிஸில் வெல்டிங் குறைவு, எஞ்சின் பக்கம் இடம் கேட்காது. கம்பெனியில் வார்த்த ஆர்மே பழைய வண்டியிலிருந்து கழற்றக் கிடைக்கும், அது நாம் பைப் வெட்டிச் செய்வதைவிட எப்போதும் உறுதி.

குறை என்னவென்றால், ஒரு சக்கரம் மேலேயும் மறு சக்கரம் கீழேயும் போகும்போது இரண்டு ஆர்மும் ஆக்சிலை எதிரெதிர் திசையில் முறுக்கப் பார்க்கும். ஹவுசிங் முறுகாது, ஆகவே ரப்பர் புஷ்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது மொத்த முன் ஆக்சிலே ஒரு ஆன்ட்டி ரோல் பார் மாதிரி வேலை செய்யும். தார்ச் சாலையில் வளைவில் இது வரம், வண்டி சாயாது. பாறையில் இதுவே சாபம், ஒரு டயர் காற்றில் நிற்கும். புஷ் கெட்டியாக இருக்கட்டும் என்று பாலியூரித்தேன் போடுகிறவர்கள் இருக்கும் கொஞ்ச அசைவையும் கொன்றுவிட்டு பிராக்கெட்டில் விரிசல் வரவைக்கிறார்கள். இங்கே ரப்பர்தான் சரி.

இரண்டாவது குறை காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். ஆர்ம் ஆக்சிலோடு இறுக்கமாகப் பிடித்திருப்பதால் ஆர்ம் சாய்ந்தால் ஆக்சிலும் கூடவே சாயும். 90 செ.மீ. நீள ஆர்ம் உள்ள வண்டியை 5 செ.மீ. தூக்கினால் சுமார் 3 டிகிரி காஸ்டர் போச்சு. கையில் இருந்ததே அவ்வளவுதான் என்றால், ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். சரிகட்டும் பிராக்கெட்டோ, மாற்றிச் செய்த ஆர்மோ தேவைப்படும். நீளமான ஆர்ம் என்றால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அது வண்டியின் நடுவில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) வரை வந்து கல்லில் உரசும்.

த்ரீ லிங்க் இதிலிருந்து ஒரே ஒரு படிதான். கீழே இரண்டு லிங்க், மேலே ஒன்றே ஒன்று, அப்புறம் பேன்ஹார்ட். மேல் லிங்க் ஒன்றாக இருப்பதால் ஆக்சிலை முறுக்க ஆளில்லை, சக்கரம் எவ்வளவு வேண்டுமானாலும் தொங்கும். என் ஓட்டு இதற்குத்தான், வண்டி பெரும்பாலும் கரடுமுரடில் ஓடுவதாக இருந்தால். ஆனால் அந்த ஒற்றை மேல் லிங்க்கைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழ் லிங்க் ஆக்சிலின் நடு மட்டத்தில் இருக்கிறது, டயரின் ஆரம் 17 இன்ச், மேல் லிங்க் அதற்கு 8 இன்ச் மேலே என்று வையுங்கள். பிரேக்கை அழுத்தும்போது இரண்டு முன் டயரும் சேர்ந்து தரையில் 900 கிலோ விசை பிடித்தால், மேல் லிங்க்கில் வருவது 900 பெருக்கல் 17, வகுத்தல் 8, ஏறத்தாழ 1900 கிலோ. அது மொத்தமும் ஒரே ஒரு போல்ட், ஒரே ஒரு பிராக்கெட்டில். 8ஐ 5 ஆக்கினால் 3000 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே மேல் பிராக்கெட்டை எஞ்சின் இடிக்காத மட்டும் உயர்த்துங்கள், டிஃபரன்ஷியல் வார்ப்பில் சும்மா ஒட்டிவிடாதீர்கள். வார்ப்பிரும்பில் வெல்ட் செய்ய முன்கூட்டிச் சூடேற்றவும் மெல்ல ஆறவிடவும் தெரிந்த கை வேண்டும். பல வண்டிகளில் எக்ஸாஸ்டும் ஆயில் சம்ப்பும் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும், அங்கேயே பலரின் த்ரீ லிங்க் கனவு முடிந்துபோகிறது.

ஜீப்பின் வழி நடுவில் ஒன்று: கீழே இரண்டு, மேலே இரண்டு, பேன்ஹார்ட். 1984 செரோக்கி எக்ஸ்ஜே, பின்னால் வந்த ராங்லர் டிஜே எல்லாம் இப்படித்தான். கணக்குப்படி ஒரு லிங்க் அதிகம், ஆனால் புஷ் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் ரேடியஸ் ஆர்ம் அளவுக்கு இறுக்காது, மேல் லிங்க் விசையும் இரண்டாகப் பிரியும். கம்பெனிக் கணக்கில் நல்ல சமரசம். பழைய சேசிஸில் புதிதாகக் கட்டுகிறவருக்கு எட்டு முனை, எட்டு பிராக்கெட், எல்லாம் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அவ்வளவு வேலை செய்யத் தயார் என்றால் த்ரீ லிங்க்கே செய்துவிடலாம் என்பது என் எண்ணம்.

மேல் லிங்க்குகளை முக்கோணமாக வைத்து பேன்ஹார்டையே தவிர்க்கும் ஃபோர் லிங்க்கும் உண்டு. பின் ஆக்சிலுக்கு அருமை. முன் ஆக்சிலில் ஸ்டீயரிங் பாக்ஸும் அதிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் கம்பியான டிராக் லிங்க்கும் இருக்கும்வரை கிட்டப் போகாதீர்கள். ஆக்சில் நேர் மேலாகப் போகும், டிராக் லிங்க் வில்லாக வளைந்து போகும், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள போட்டி வண்டிக்குத்தான் அது.

இதே காரணத்தால்தான் பேன்ஹார்ட் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பேன்ஹார்டும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில், கூடியவரை ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வில்லில் போனால் ஸ்டீயரிங் அசையாது. 1979 முதல் 1985 வரையிலான ஹைலக்ஸ் போல டிராக் லிங்க் சேசிஸை ஒட்டி முன்னும் பின்னும் தள்ளும் வண்டிகளில், குறுக்கே போகும் டிராக் லிங்க்குக்கு மாறாமல் காயில் போடுவது வீண் வேலை. சாய்வும் முக்கியம். 90 செ.மீ. பேன்ஹார்ட் படுக்கையாக இருந்தால், ஆக்சில் 15 செ.மீ. தொங்கும்போது பக்கவாட்டில் ஒன்றேகால் செ.மீ.தான் நகரும். வண்டியைத் தூக்கி அது ஏற்கெனவே 10 செ.மீ. சாய்ந்திருந்தால், அதே 15 செ.மீ. தொங்கலில் 3 செ.மீ. நகரும். சேசிஸ் பக்கப் பிராக்கெட்டைக் கீழே இறக்க வேண்டியது இதற்காகத்தான். இறக்கிய பிராக்கெட் நீளமான நெம்புகோல் ஆகிவிடும் என்பதால் எதிர்ப்பக்க சேசிஸ் வரை ஒரு குறுக்குத் தாங்கல் கட்டாயம் வேண்டும். அது இல்லாத வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் பக்கம் சேசிஸ் விரிசல் விட்டதைப் பார்த்திருக்கிறேன், பெயின்ட் மயிரிழையாக வெடித்து அதில் துரு கசிந்திருக்கும், அதுதான் முதல் அடையாளம்.

காயில் ரேட்டைப் பற்றி, அதாவது ஒரு மி.மீ. அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பக்கம் ஸ்பிரிங்கின் மேல் 500 கிலோ, காயில் மி.மீ.க்கு 4 கிலோ என்றால் நிற்கும்போதே 125 மி.மீ. அமுங்கும். வின்ச்சும் பம்பரும் சேர்ந்து 100 கிலோ ஏறினால் இன்னும் 12 மி.மீ.க்கு மேல் போகும், அவை ஆக்சிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் கூடுதலாகவே இறங்கும். அதையும் மாட்டி எடை போட்ட பிறகே ரேட் முடிவு செய்யுங்கள். அதற்கும் முன்னால், ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை ஜாக்கியில் முழுக்க ஏற்றி இறக்கி, இரண்டு பக்கமும் முழு லாக் திருப்பி, எது எதில் இடிக்கிறது என்று பார்த்து ஆக்சில் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பை வைத்துவிட வேண்டும். பிரேக் ஹோஸ் நீளமும் அப்போதே தெரிந்துவிடும்.

ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங்கை மாட்டிய காயில் ஓவர் நல்ல பொருள்தான், இடம் குறைவாக எடுக்கும். ஆனால் ஷாக் சீல் போனால் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். தினசரி வண்டிக்குத் தனிக் காயில், தனி ஷாக் என்பதே என் தேர்வு.

கடைசியாக, இதையெல்லாம் தாண்டி ஒரு குறுக்கு வழி இருக்கிறது: காயில் வண்டியின் முன் ஆக்சிலையே முழுதாகத் தூக்கி வருவது. 1999 முதல் 2004 வரையிலான சூப்பர் டியூட்டிக்கு 2005க்குப் பிந்தைய ஆக்சில், ஆர்ம், காயில் எல்லாம் போடுவது இப்படித்தான், வீல் போல்ட் அமைப்பும் 8 × 170 (எட்டு போல்ட், 170 மி.மீ. வட்டம்) என்று மாறாமல் இருக்கிறது, பிரேக்கும் பெரிதாகிறது. லேண்ட் க்ரூசர் 60க்கு 80இன் ஆக்சிலும் 6 × 139.7 தான், ஆனால் அகலம் கூட, ஃபெண்டர் பக்கம் ஏதாவது செய்ய வேண்டிவரும். வேறு எந்தக் கலவையானாலும் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம், கியர் ரேஷியோ பின் ஆக்சிலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். போல்ட் அமைப்பு முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறானால் இரண்டு ஸ்டெப்னி சுமக்கத் தயாராகிக்கொள்ளுங்கள்.