மாமாவின் கண்ணும் இரண்டாவது பாட்டிலும்: சுங்கை சிப்புட்டில் ஐந்து வாரம்

மெல்பர்னிலிருந்து நான் கிளம்பியது மாமா மகள் கல்யாணத்துக்கு. மலேசியாவில், கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி சுங்கை சிப்புட்டில் இறங்கியதும் மாமா வழக்கம்போல ஓடி வந்து பெட்டியை வாங்கவில்லை. ஸ்டேஷன் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல பாப்பா, கண்ணுல தூசு" என்றார்.

கல்யாணம் முடிந்த மறுநாள்தான் உண்மை வெளியே வந்தது. முதலில் வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியிருக்கிறது. அப்புறம் கொசுக் கூட்டம் போல கறுப்புப் புள்ளிகள். அதற்கப்புறம் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை நாளுக்கு நாள் மேலே ஏறியிருக்கிறது. வலி கொஞ்சமும் இல்லை. பந்தல், சமையல், அழைப்பு என்று ஒன்பது நாள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை மனுஷன். இடையில் ஒரு நாள் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக் கூட போயிருக்கிறார். அங்கே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் சொட்டு கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். திரை விழுகிறது என்று ஒரு ஆள் சொன்னால், கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் அன்றைக்கே வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் காலை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). வரிசை வாசல்வரை நின்றது. ஆனால் திரையைப் பற்றிச் சொன்னதும் முகப்பிலிருந்த மிஸ்ஸி (நர்ஸ்) எங்களை நேரே உள்ளே அனுப்பினார். டாக்டர் அன்றைக்கே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மாலைக்குள் படுக்கை கிடைத்தது, மறுநாள் ஆப்பரேஷன். ஊரில் எதுவும் வேகமாக நடக்காது என்ற நினைப்போடு வந்தவள் நான். கண் விஷயத்தில் அரசாங்கப் பக்கம் காட்டிய வேகத்தை மனசாரப் பாராட்டுகிறேன்.

மாமாவுக்கு விழித்திரை பிரிந்திருந்தது. விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். அதில் ஒரு கிழிசல் விழுந்தால், கண்ணுக்குள் இருக்கும் நீர் அந்தக் கிழிசல் வழியே பின்னால் புகுந்து படலத்தைச் சுவரிலிருந்து பிரித்துவிடும். கிழிசலை அடைத்தால்தான் குணமாகும் என்று 1920-களில் சுவிட்சர்லாந்தில் ஜூல் கோனான் என்ற டாக்டர் காட்டினார். அதற்கு முன் இந்த நோய் வந்தால் கண் போனதுதான். மாமாவுக்கு உள்ளேயிருக்கும் ஜெல்லை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு, வாயுக் குமிழி ஒன்றை நிரப்பினார்கள். குமிழி உள்ளிருந்து படலத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் ஐந்து நாள் குப்புறப் படுக்கச் சொன்னார்கள்.

கூடத்துக் கட்டிலின் விளிம்பில் நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒரு தலையணை, தலைமாட்டில் ஒரு ரேடியோ. காலையிலிருந்து ராத்திரிவரை மின்னல் எஃப்எம் பாடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டை அத்தை தரையில் உட்கார்ந்து ஊட்டினார். கல்யாணம் முடிந்து எல்லோருமாகக் கேமரன் மலைக்குப் போவதாக இருந்தோம். டாக்டர் முடியவே முடியாது என்றுவிட்டார். உயரம் ஏற ஏறக் கண்ணுக்குள் வாயு விரியும், அழுத்தம் எகிறி இருக்கிற பார்வையும் போய்விடும். விமானமும் அதே காரணத்தால் கூடாது. அவருக்குப் போட்ட வாயு முழுசாகக் கரைய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு மலை பக்கத்தில்தான் இருக்கிறது, கார் எடுத்தால் போய்விடலாம். அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

முதல் வாரப் பரிசோதனையில் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஆனால் டாக்டரம்மா சந்தோஷத்தை அளந்துதான் கொடுத்தார். தெலுக் இந்தான் பக்கத்துப் பிள்ளை, தமிழில் பொறுமையாகப் பேசினார். "தழும்பு வரலாம் அங்கிள். கிழிசல் வழியா சிதறுன செல்லுங்க விழித்திரை மேல சவ்வா வளரும். அந்தச் சவ்வு சுருங்குச்சுன்னா திரும்பப் பிச்சுக்கும்."

மாமா தலை குனிந்தபடியே கேட்டார்: "ஒட்டுப்பால் மாதிரியா?"

டாக்டருக்குப் புரியவில்லை. மாமா ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் வெட்டியவர். வெட்டுக்கோட்டில் நின்றுபோன பால் காய்ந்து நாடாவாகும், காயக் காயச் சுருங்கும், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பட்டையோடு ஒட்டியிருந்தது முழுசாக உரிந்து வரும் என்று விரலை இழுத்துக் காட்டினார். "அதேதான்" என்றார் டாக்டர்.

இப்படிச் சவ்வு வளர்ந்து விழித்திரையை இழுப்பதைத்தான் பி.வி.ஆர். என்கிறார்கள். விழித்திரை ஆப்பரேஷன் செய்துகொண்ட நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரும். ஆப்பரேஷன் தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணமே இதுதான். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டிவிடும். தாமதமாக வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஸ்டீராய்டு கொடுத்து இதைத் தடுக்கலாமே என்று நான்தான் கேட்டேன். கேள்வி தப்பில்லை என்றார் டாக்டர். கண்ணில் வீக்கம் வரும்போது ரத்தக் குழாய்க்கும் விழித்திரைக்கும் நடுவே இருக்கும் காப்பு உடைகிறது. கசியும் ரத்தநீர்தான் அந்தச் செல்களை வளரத் தூண்டுகிறது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளிகளிடம் போட்டுப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படித்தேன். லண்டனில் ஏற்கெனவே பி.வி.ஆர். வந்துவிட்ட 140 பேரிடம், கண்ணுக்குள்ளேயே வைத்து மெல்லக் கரையும் டெக்ஸாமெத்தசோன் குச்சியைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். குச்சி வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் விழித்திரை ஒட்டி நின்றதில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. விழித்திரை மையத்தில் நீர் கோப்பதுதான் கொஞ்சம் குறைந்தது. பிரிட்டனில் கண்ணில் பலத்த அடிபட்ட 280 பேரிடம், ஆப்பரேஷனோடு சேர்த்து டிரையாம்சினலோன் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் பார்வையில் பலன் தெரியவில்லை. அந்த டிரையாம்சினலோன் வேறு ஒரு வேலைக்கு நன்றாகப் பயன்படுகிறது: ஆப்பரேஷன் நடுவே கண்ணுக்குள் விட்டால், கண்ணாடி போன்ற ஜெல்லில் வெள்ளையாகப் படிந்து எடுக்க வேண்டியது எது என்று காட்டிக் கொடுக்கும்.

மாத்திரையாகக் கொடுக்கலாமா என்றால், மாமாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது. பிரெட்னிசோலோன் விழுங்கினால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். ஆக அவருக்குக் கிடைத்தது ஸ்டீராய்டு சொட்டு மட்டும். ஆப்பரேஷனால் வரும் வீக்கமும் எரிச்சலும் அடங்கத்தான் அது. முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, அப்புறம் ஒரு நாளைக்கு நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். அத்தை மளிகைக்கடை நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். பாட்டிலைக் குலுக்கி, கீழ் இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி. எங்கள் அத்தையைப் போல ஒரு நர்ஸ் கிடைக்க மாட்டார்.

நாலாவது வாரம் கண்ணின் அழுத்தத்தை அளந்த டாக்டர் இன்னொரு தடவை அளந்தார். 34. சாதாரணமாக 10-இலிருந்து 21-க்குள் இருக்க வேண்டும். "கண்ணு கொஞ்சம் பாரமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார் மாமா. அத்தையின் பொட்டுக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கடைசியில் மாமாவே சட்டைப் பையிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

சொட்டை இரண்டு தடவையாகக் குறைத்தபோது தாமானில் (குடியிருப்பில்) யாரோ சொல்லியிருக்கிறார்கள்: அந்த மருந்தை நிறுத்தினால் திரும்பக் கிழியும் என்று. பயந்துபோய், டவுனில் ஒரு கடையில் காலிப் பாட்டிலைக் காட்டி அதே மருந்தை வாங்கி, அத்தைக்குத் தெரியாமல் நாளைக்கு ஆறு தடவை விட்டிருக்கிறார். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. கொடுத்த கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கண்ணைக் காப்பாற்றத்தான் மாமா அதைச் செய்தார். அதனால் அவரைத் திட்ட எனக்கு நா எழவில்லை.

மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டால் அழுத்தம் ஏறலாம், வாரக்கணக்கில் விட்டால்தான் தெரியும், வலிக்காமலேயே கண் நரம்பைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். கண்புரையும் சீக்கிரம் வரும். வீரியம் குறைந்த சொட்டுக்கு மாற்றி, அழுத்தம் இறங்க வேறு மருந்து சேர்த்தார். ஆஸ்துமா உண்டா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார், ஏனென்றால் அந்த மருந்து சிலருக்கு மூச்சு இழுப்பைக் கிளப்பிவிடுமாம். ஒரு வாரத்தில் 19-க்கு வந்துவிட்டது.

நான் கிளம்புகிற அன்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாயு பாதிக்குமேல் கரைந்துவிட்டது. மேலே தெளிவு, கீழே தளும்பும் ஒரு கோடு, தலையை அசைத்தால் கோடும் அசைகிறது என்று கையால் காட்டினார். கோட்டுக்கு மேலே என் முகம் தெரிகிறதாம், மூக்குக்கண்ணாடியும் தெரிகிறதாம். மூன்று மாதக் கெடு இன்னும் முடியவில்லை. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான், ஆனால் ஈப்போவுக்குப் போய்க் காத்திருந்து திரும்ப டாக்சிக்கு 80 வெள்ளி பேசியிருக்கிறோம். நாட்காட்டியில் அடுத்த தேதியில் அத்தை பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார். அந்த இரண்டாவது பாட்டிலை டாக்டர் தன்னிடமே வைத்துக்கொண்டார்.